நாக்குக்கு நாற்பது நாள் லீவு

மாரண்டஹள்ளி
4-3-1984

அன்புள்ள மாப்பிள்ளை இன்னாசிராஜுக்கு,

மாமா மதலைமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா ராஜமேரியும் பெண்பிள்ளைகள் இருவரும் சுகம். ஏரியூர் போய்ச் சேர்ந்த விவரத்துக்கு நீ ஒரு கார்டுகூடப் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது நாலாவது கிளாஸில் உன்னிடம் கேட்டேன். "மாப்ள, இப்ப என்ன ருசி தெரியுது ஒனக்கு?" "சோடா ருசிதான் மாமா" என்றாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒப்புக்கொள்ள வெட்கம். மூடியைத் திறந்த வாசனையிலேயே பெங்களூர் விஸ்கி எது, உள்ளூர் விஸ்கி எது என்று சொன்னவன் நான். இப்போது எதைக் குடித்தாலும் குழாய்த் தண்ணீர்.

நேற்று ஓசூரில் என்னுடைய பழைய மேலதிகாரியைப் பார்த்தேன். ரிட்டயரான என்ஜினீயர். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "வருசத்துல ரெண்டு மாசம் நான் தொடவே மாட்டேன்யா. நாக்குக்கு லீவு குடுக்கணும். லீவு முடிஞ்சு மொத வாய் குடிச்சுப் பாரு, இருவது வயசுல குடிச்சாப்ல இருக்கும்" என்றார்.

வருகிற புதன் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அன்று ஆரம்பிப்போம். உயிர்த்த ஞாயிறு வரை நீ அங்கே, நான் இங்கே, ஒரு சொட்டு கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து, கறிச்சோற்றுக்கு முன்னால், இருவரும் சேர்ந்து திறப்போம். காண்டிராக்டர் கொடுத்த ஸ்காட்ச் பாட்டில் பீரோவில் சீல் உடையாமல் இருக்கிறது. சத்தியம் செய்து பதில் எழுது.

உன் அக்காவிடம் தவக்காலத்துக்காக விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதாள். நீ வாய் தவறி எதையும் உளறிவிடாதே.

கோர்ட்டிலிருந்து உனக்கும் சம்மன் வரும். பயப்பட வேண்டாம். அதைப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
மதலைமுத்து


ஏரியூர்
12-3-1984

அன்புள்ள மாமாவுக்கு,

இன்னாசி வணக்கத்துடன் எழுதுவது. சத்தியம் செய்துவிட்டேன். அறையில் கால் பாட்டில் மீதம் இருந்தது. வீட்டுக்காரர் முனிராஜிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

ஐந்து நாள் ஆகிறது. இரண்டாம் நாள் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நடுங்கியது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இப்போது கை நிற்கிறது. நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் சாம்பாருக்கு உப்பு அதிகம். இரண்டு வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன், போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. உங்கள் மேலதிகாரி சொன்னது சரியாகத்தான் இருக்கும் போல.

சாயங்காலம்தான் நீளமாக இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

சம்மன் வந்துவிட்டது. ஏப்ரல் பதினேழு, செவ்வாய், தருமபுரி கோர்ட். போன ஆகஸ்டு பதினைந்தாம் தேதி வத்தல்மலை அடிவாரச் சாலையில் அரசு ஜீப் மோதி மாதம்மாள், வயது முப்பத்திநான்கு, இறந்த வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட எதிரி உங்கள் ஓட்டுநர் சென்றாயன். நான் அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி. நீங்கள் மூன்றாம் சாட்சி. அந்தப் பெண்ணின் வயது இப்போதுதான் எனக்குத் தெரியும். அக்காவின் வயதுதான்.

நான் என்ன சொல்ல வேண்டும் மாமா?

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இன்னாசி


மாரண்டஹள்ளி
16-3-1984

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது என்ன கேள்வி? போலீஸ் ஸ்டேஷனில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டாயோ அதைத்தான் சொல்ல வேண்டும். ஜீப்பை ஓட்டியது டிரைவர் சென்றாயன். மெதுவாகத்தான் ஓட்டினான். விறகுக் கட்டோடு அந்தப் பெண் திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள். நீ பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்தாய், சத்தம் கேட்டு விழித்தாய். நானும் இதையேதான் சொல்வேன். இரண்டு சாட்சியும் ஒன்றாக இருந்தால் அவனுக்கு விடுதலை. விடுதலை ஆனதும் சஸ்பென்ஷனை ரத்து செய்ய நானே மேலே எழுதுகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு இதெல்லாம் தெரியும், ஒப்புக்கொண்டுதான் இருக்கிறான்.

மற்றபடி லீவு நன்றாக வேலை செய்கிறது. நேற்று கொள்ளு ரசத்தில் மிளகு தனி, சீரகம் தனி என்று நாக்கு பிரித்துச் சொன்னது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பாட்டில் என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு உன் அக்காவோடு போய் வந்தேன். சாமியார் கையைப் பிடித்து, "தவக்காலம் ஒங்களை மாத்திருச்சு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தூங்கும்போது நறநறவென்று பல்லைக் கடிக்கிறேனாம். உன் அக்கா சொல்கிறாள். பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மதலைமுத்து


ஏரியூர்
25-3-1984

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று வினாத்தாள் கட்டு வாங்க தருமபுரி போனேன். புளி மண்டி வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தபோது ஒருவன் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். சென்றாயன்.

"வாத்தியார் சார், நல்லாருக்கீங்களா?"

"நீ இங்க என்ன பண்றே?"

"மூட்டை தூக்கறேங்க. வண்டிதான் இல்லியே" என்று சிரித்தான்.

மலைக்குப் போவதில்லையா என்று கேட்டேன். "போனா ஆரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க. மாதம்மா எனக்கு அக்கா மொறை. அவ வூட்டுக்காரரு செல்லன் எங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாரு. எம் பொஞ்சாதி சின்னக்கா ஊத்துக்குத் தண்ணிக்குப் போனா, மத்த பொம்பளைங்க கொடத்தை எடுத்துக்கிட்டு ஒதுங்கிப் போறாங்களாம். அவளும் இப்ப போறதில்ல. விடியறதுக்கு முன்னால போயி மொண்டுக்கிட்டு வந்துர்றா."

"நடந்ததை நீ அவங்ககிட்ட சொல்லலியா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "அய்யாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க. கேசு முடிஞ்சதும் வேலை வந்துரும்னாரு. ஏழு மாசம் போயிருச்சு, இன்னும் ஒரு மாசம்தானுங்களே" என்றான். பிறகு கேட்டான்: "அய்யா நல்லாருக்காருங்களா?"

நான் நல்லாருக்கார் என்றேன்.

ஆறு மணிக்கு அறைக்கு வந்துவிட்டேன். இதுவே பிப்ரவரி மாதமாக இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். இரண்டு கிளாஸ் போயிருந்தால் அவன் சிரிப்பு மங்கியிருக்கும், மூன்றாவதில் சாப்பிடப் போயிருப்பேன். நேற்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாமா, நான் எதையும் மறந்திருக்கவில்லை. நினைக்காமல் இருக்க வழி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்று ஜீப்பை ஓட்டியது சென்றாயன் இல்லை. இதை முதல்முறையாக எழுத்தில் எழுதுகிறேன். எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னாசி


மாரண்டஹள்ளி
29-3-1984

இன்னாசிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இப்படி எதையும் காகிதத்தில் எழுதாதே. தபால்காரன் முதல் என் ஆபீஸ் பியூன் கருப்பண்ணன் வரை பத்துப் பேர் கை பட்டு வருகிற காகிதம் இது.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். தருமபுரி பயணியர் மாளிகையில் மத்தியானம் உட்கார்ந்து, உன் பங்குக்கு மேலேயே குடித்தாய். உன்னைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றியவன் சென்றாயன். உனக்கு என்ன தெரியும்? குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு இல்லாதது எல்லாம் தெரியும். எங்கள் சித்தப்பா ஒருவர் சுவரில் எறும்பு போகிறது, எறும்பு போகிறது என்று மூன்று நாள் துடைத்துக்கொண்டே இருந்தார். உனக்கும் அதுதான் நடக்கிறது. டாக்டரைப் பார்.

சென்றாயனுக்கு மனத்தாங்கல் இருந்தால் அவன் என்னிடம் சொல்லட்டும். உன்னிடம் அவன் ஒரு குறையும் சொல்லவில்லையே? நீயாக ஏன் கிளறுகிறாய்?

உன் அம்மா ஆரோக்கியம்மாள் இறந்தபோது உனக்குப் பதினான்கு வயது. அன்றிலிருந்து ஆசிரியர் பயிற்சி முடிக்கும் வரை நீ எந்த வீட்டில் சாப்பிட்டாய் என்று யோசி. இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

மதலைமுத்து


ஏரியூர்
2-4-1984

மாமாவுக்கு,

உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். அதனால்தான் ஸ்டேஷனில் நீங்கள் நீட்டிய காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நான் தூங்கவில்லை. மாளிகையை விட்டு வெளியே வந்ததும் சாவியை சென்றாயன் கையிலிருந்து வாங்கியது நீங்கள். "நீ தள்ளி உக்காரு" என்றீர்கள். அவன், "வேணாங்கய்யா, நான் எடுக்கறேங்க" என்று இரண்டு முறை சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாமா, நீங்க எடுங்க. அடிவாரம் வரைக்கும் எத்தனை நிமிசம்னு பாக்கலாம்" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தேன். தூங்குகிறவன் கடிகாரம் பார்ப்பானா? கடைசித் திருப்பத்தில் மணி நாலு பத்து. சென்றாயன், "அய்யா பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினான். அந்த அம்மாள் குறுக்கே வரவில்லை. தார் ரோட்டை விட்டு இறங்கி, புங்க மரத்தை ஒட்டி, கட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி வருகிறது என்று நமக்கு வழி விட்டு நின்றாள்.

அதற்குப் பிறகு சென்றாயன் ஓட்டினான். நீங்கள் அவளோடு பின்னால் உட்கார்ந்தீர்கள், நான் முன்னால் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் பார்த்தது ஓட்டுநர் இருக்கையில் அவனை. அது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கும்தான்.

கோர்ட்டில் அவள் குறுக்கே வந்தாள் என்று சொன்னால் சென்றாயனுக்கு விடுதலை கிடைக்கலாம். ஆனால் மலையில் அவன் மாதம்மாளைக் கொன்றவனாகவே இருப்பான். அவளும் பார்க்காமல் வந்து விழுந்தவளாகிவிடுவாள். பதினேழாம் தேதி உள்ளதைச் சொல்லப்போகிறேன். என் பங்கையும் சேர்த்து.

நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்கும். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னாசி


மாரண்டஹள்ளி
6-4-1984

அன்புள்ள மாப்பிள்ளை,

இதைக் கருப்பண்ணனிடம் நேரில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலம் கொடுப்பான். ஆள் இருக்கும்போது பிரிக்காதே.

கோபத்தில் எழுதியதை மன்னித்துவிடு. சரி, நீ சொல்வதுபோலவே வைத்துக்கொள்வோம். நான் உண்மையைச் சொன்னால் செத்தவள் எழுந்து வரப்போகிறாளா? குடித்துவிட்டு, சொந்தக் காரியத்துக்கு அரசு ஜீப்பை ஓட்டி ஆளைக் கொன்றவன் என்று வேலை போகும். ஜெயிலுக்குப் போவேன். பெரியவளுக்கு இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். "அப்பன் எங்கே?" என்று கேட்டால் உன் அக்கா என்ன சொல்வாள்? டிரைவர் ஓட்டினால் விபத்து. நான் ஓட்டினால் குற்றம். அதுதான் வித்தியாசம். சென்றாயனுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். அவன் தம்பிக்கும் சாலை வேலையில் இடம் வாங்கித் தருகிறேன் என்று நேற்றுகூடச் சொல்லி அனுப்பினேன்.

உனக்கு இந்த நோன்பு ஒத்துக்கொள்ளவில்லை. என்னால் வந்த வினை. நான்தான் ஆரம்பித்தேன், நானே முடித்து வைக்கிறேன். பொட்டலத்தில் இருப்பது ஈஸ்டருக்கு வைத்திருந்ததேதான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு கிளாஸ் குடி. தூங்கு. காலையில் இதெல்லாம் எவ்வளவு சின்ன விஷயம் என்று உனக்கே தெரியும். முன்பெல்லாம் தெரிந்ததே?

உன் அக்காவை நினைத்துக்கொள்.

மாமா


ஏரியூர்
10-4-1984

மாமாவுக்கு,

பாட்டில் வந்தது. மூன்று நாள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். பூட்டினாலும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திறந்துவிட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன். சோடா கலக்காமல் ஒரு வாய் குடித்தேன். உங்கள் மேலதிகாரி சொன்னது நிஜம். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் குடித்ததே இல்லை. முதலில் புகை, பிறகு தேன் மாதிரி ஏதோ, விழுங்கின பிறகு நெஞ்சு வரை ஒரு சூடு. கண்ணை மூடிக்கொண்டேன். அறை முழுக்க வாசனை. இதற்காக நாற்பது நாள் என்ன, நூறு நாள்கூட இருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது வாய் குடித்தேன். மூன்றாவது. அதற்குள் சென்றாயன் முகம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. நீங்கள் எழுதியிருந்தது நியாயமாகப்பட்டது. செத்தவள் எழுந்து வரப்போகிறாளா, சரிதானே? பெரியவளின் கல்யாணம், அதுவும் சரி. யாருக்கும் நஷ்டமில்லை. கிளாஸை நிரப்பப் போனபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் மாமா. அறையில் தனியாக. அது தெரிந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு மாதமாக இப்படித்தானே இருந்திருக்கிறேன், ஒவ்வொரு சனிக்கிழமையும், உங்கள் மாடியில், அக்கா வறுத்துக் கொடுத்த கறியோடு.

மீதியை மூடிக் கருப்பண்ணனிடமே திருப்பி அனுப்புகிறேன். இன்று இங்கே ஒரு வேலையாக வந்திருக்கிறார். கீழே ஊற்ற மனசு வரவில்லை, அதுதான் உண்மை. என்னோடு அது ஒரே அறையில் இருந்தால் பதினேழாம் தேதி நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஏழு நாள் இருக்கிறது. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இன்னாசி


மாரண்டஹள்ளி
15-4-1984, குருத்து ஞாயிறு

இன்னாசி,

நான் ஆபீஸில் இருந்தபோது கருப்பண்ணன் பொட்டலத்தையும் கடிதத்தையும் வீட்டில் கொடுத்துவிட்டான். உன் அக்கா இரண்டையும் பிரித்துவிட்டாள். இப்போது உனக்குத் திருப்திதானே? ஐந்து நாளாகச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. இன்று குருத்தோலை வாங்கக்கூட என்னோடு வராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனாள்.

அவர்கள் கோயிலில் இருந்தபோது நீ மீதி வைத்ததை நான் குடித்தேன். முழுதும் இல்லை. முக்கால்வாசி. புகையும் இல்லை, தேனும் இல்லை. தொண்டை எரிந்தது. நாற்பது நாள் காத்திருந்தவனுக்கு வெறும் எரிச்சல். உனக்கு மட்டும் எப்படியடா ருசித்தது?

உன்னை என் பிள்ளைபோல வளர்த்தேன். போ. போய்ச் சொல். சொல்லிவிட்டு இந்த வாசற்படியை மிதிக்காதே. நான் மூன்றாம் சாட்சி. நீ சொல்வதற்கு மாறாக நான் சொல்வேன். குடிகார வாத்தியாரை நம்புவார்களா, என்ஜினீயரை நம்புவார்களா என்று பார்த்துவிடலாம்.

ம.


ஏரியூர்
18-4-1984

மாமாவுக்கு,

நீங்கள் நேற்று கோர்ட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் என்று மெடிக்கல் சர்டிபிகேட் வந்ததாகச் சொன்னார்கள். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சொன்னேன். சாவி, கடிகாரம், புங்க மரம், ஸ்டேஷனில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டது. அரசு வக்கீல் பைலை மேசையில் போட்டுவிட்டு, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்றார். "அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். குடித்திருந்தேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் எதிர்பாராதது நடந்தது. சென்றாயன் கையெடுத்துக் கும்பிட்டு, சத்தமாகச் சொன்னான்: "வாத்தியார் தப்பாச் சொல்றாருங்க சாமி. நான்தாங்க ஓட்டுனேன். அய்யா மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நீதிபதி எரிச்சலோடு பேனாவை வைத்துவிட்டார். உங்களை விசாரித்துவிட்டு மேலே பார்க்கலாம் என்று இருபத்தாறாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்து சென்றாயனின் கையைப் பிடித்தேன். உதறினான். "எட்டு மாசம் பொறுத்துக்கிட்டேங்க. கடைசி நாள்ல வந்து எம் பொழப்புல மண்ணைப் போடறீங்களே! அய்யா சொன்னா சொன்னதுதான். எந் தம்பிக்கும் வேலை தர்றேன்னு சொல்லியிருக்காரு. நீங்க ஆரு?" என்றான்.

நான் சொன்ன உண்மைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை மாமா. அவன் உங்கள் வார்த்தையை நம்புகிறான், கோர்ட்டும் உங்கள் வார்த்தையைத்தான் நம்பும். இருபத்தாறாம் தேதி நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். நான் இனி உங்களிடம் எதையும் கேட்கப்போவதில்லை. கேட்டால் மறுபடி சண்டை போடுவீர்கள், சண்டை போட்டால் உங்களுக்குச் சுலபமாகிவிடும்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. அக்காவிடம் சொல்லுங்கள்.

இன்னாசி


மாரண்டஹள்ளி
29-4-1984

அன்புள்ள இன்னாசிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு வந்ததும் உன் அக்கா பேசினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கு எத்தனை பிள்ளைங்க?" எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக வக்கீலிடம் பேசியிருக்கிறேன், போலீஸிடம் பேசியிருக்கிறேன், சென்றாயனிடம் பேசியிருக்கிறேன். அதை யாரிடமும் கேட்டதில்லை. "தெரியாது" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஈஸ்டர் அன்று கறி எடுக்கவில்லை. பாட்டிலில் கால்வாசி இருந்தது. குடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனால் உன் அக்காவின் முகத்துக்கு எதிரில் என்னால் முடியவில்லை. இன்னும் இருக்கிறது. நாளைக்குக் குடிக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என் சத்தியத்தின் லட்சணம் உனக்குத் தெரியும்.

இருபத்தாறாம் தேதி சொல்லிவிட்டேன். நான்தான் ஓட்டினேன் என்று. நீதிபதி திரும்பச் சொல்லச் சொன்னார், திரும்பவும் சொன்னேன். சென்றாயன் வாயைத் திறந்தான். "வேண்டாம்ப்பா, போதும்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாய்தாவில் அவனை விடுவிப்பார்கள் என்று வக்கீல் சொல்கிறார். என் மேல் புது வழக்கு வரும். சஸ்பென்ஷன் ஆர்டர் முந்தாநாள் கையில் கிடைத்தது.

கோர்ட்டுக்கு வெளியே சென்றாயன் காத்திருந்தான். கும்பிடுவான் என்று நினைத்தேன், பார். "இதைப் போயி அந்தக் கட்டடத்துக்குள்ள சொன்னீங்க. எங்க மலைக்குக் கேக்குமாங்க? செல்லன் முன்னால வந்து சொல்லுங்க" என்றான். அவன் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

நேற்று சனிக்கிழமை போனேன். கிளம்பும் முன் பீரோவைத் திறந்தேன். ஒரு கிளாஸ் போட்டால் சொல்லிவிடலாம், நா புரளும் என்று தோன்றியது. உன் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "நானும் வர்றேன்" என்றாள். பீரோவை மூடிவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேரம் நடை. சென்றாயன் முன்னால் போனான். செல்லன் வீட்டு முன்னால் பாயில் புளியைக் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும். இரண்டு, இன்னாசி. பெரியவள் நம் பெரியவள் உயரம் இருக்கிறாள். அக்கம்பக்கத்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். நான் குடித்திருந்தேன், நான் ஓட்டினேன், அவங்க ஓரமாகத்தான் நின்றாங்க, சென்றாயன் மேல் குற்றமில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. செல்லன் கையிலிருந்த புளியைப் பாயில் போட்டார். பிறகு கேட்டார்: "வண்டில கூட்டிக்கிட்டுப் போனப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு" என்றேன்.

"ஆரு பக்கத்துல இருந்தது?"

"நான்தான். என் மடியிலதான் தலை இருந்தது."

"ஏதாச்சும் சொன்னாளா?"

சொன்னாள், இன்னாசி. உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளோடு பின்னால் உட்கார்ந்தது ஏன், ஓட்டியது யார் என்று எல்லாம் வரும் என்று விழுங்கிவிட்டேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாள். அதை அவரிடம் சொன்னேன்: "ஆடு கட்டிக் கெடக்குது, தண்ணி காட்டணும்னு சொன்னாங்க."

செல்லன் தலையை ஆட்டினார். "ஆமா. ரெண்டு ஆடு. நாங்க எல்லாம் கீழ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துட்டோம். மறுநாள் பொணத்தை எடுத்துக்கிட்டு மேல வர்ற வரைக்கும் அதுங்க கட்டுலயே கத்திக்கிட்டுக் கெடந்துச்சாம். ஆருக்கும் நெனப்பு வல்ல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி புளியைத் தட்டத் தொடங்கினார். உன் அக்கா போய் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் வெயிலில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலை நிமிராமலேயே சொன்னார்: "வெயில்ல நிக்காதீங்க. அங்க நெழல்ல போயி நில்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை. நான் போய் நின்றேன்.

மதலைமுத்து